மூடிய தறிக்குழியிலிருந்து ஓர் அரூப ஓவியம்: குடும்ப மரபையும் மாற்றத்தையும் வரைய முழுமையான வழிகாட்டி

குடும்ப மரபை ஓவியமாக்க வேண்டும் என்று உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வரைவது ஒரு மரத்தை. வேரில் பாட்டனார், கிளைகளில் பிள்ளைகள், உதிரும் இலைகளில் காலமானவர்கள். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது புகைப்பட ஆல்பம் செய்யும் வேலையையே செய்கிறது, அதுவும் ஆல்பத்தைவிடச் சுமாராக. அரூப ஓவியத்தில் முகமும் இருக்காது, மரமும் இருக்காது. அளவு, எண்ணிக்கை, நிறம், அடுக்கு, பரப்பின் வழவழப்பு அல்லது சொரசொரப்பு ஆகியவையே நம் கையில் இருப்பவை. எனவே தாத்தாவைப் பற்றி நாம் அறிந்ததை எல்லாம் இவற்றுள் ஏதாவது ஒன்றாக மாற்றியாக வேண்டும். எப்படி மாற்றுவது என்பதை, காஞ்சிபுரத்தில் எங்கள் பழைய வீட்டை வைத்து நான் வரைந்த ஓர் ஓவியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தல்

குடும்பம் முழுவதையும் ஒரு திரைச்சீலைக்குள் அடைக்க முயன்றால் எதுவும் நிற்காது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே குங்வாரே 1995இல் வரைந்த 'பிக் யாம் ட்ரீமிங்' ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் எட்டு மீட்டர் அகலமும் கொண்டது. கறுப்புத் தளத்தின்மேல் ஓடும் வெள்ளைக் கோடுகளைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அவருடைய நிலத்தையும் முன்னோரையும் அவர் தாங்கிக் காட்டுவது ஒரு கிழங்கின் வேர்ப்பின்னலை மட்டும் வைத்து; அவர் பெயரிலுள்ள 'காமே' என்ற சொல்லும் அந்தக் கிழங்குக் கொடியின் விதையைக் குறிப்பதுதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைச் சேர்ந்த மிசௌரி பெட்வே, இறந்துபோன தம் கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். வெளிறிய நீலமும் சாம்பலுமான அந்தக் கட்டங்களில் முழங்கால் தேய்ந்த இடம் எது, சட்டைப்பை பிரிக்கப்பட்ட இடம் எது என்று இன்றும் அடையாளம் காணலாம். அதை அவர் ஓவியம் என்று நினைத்துத் தைக்கவில்லை என்றாலும், நம் வேலைக்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தேர்ந்தெடுக்கும் பொருளிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அதை எண்ணவோ அளக்கவோ முடியுமா? குடும்பத்தவரின் கை, கால் பட்டுப் பழகியதா? அது மாறிய நாள் என்று ஒன்று உண்டா? கணக்கு நோட்டு, ஜாதகக் கட்டு, பிள்ளைகளின் உயரத்தைக் கோடிட்ட கதவுநிலை, அம்மி குழிந்த அளவு ஆகிய எல்லாம் இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கும். குலதெய்வத்தின் படமும் குத்துவிளக்கும் பெரும்பாலும் ஈடுகொடுப்பதில்லை, ஏனென்றால் அவை எல்லார் வீட்டிலும் ஒரே அர்த்தத்தைத் தருபவை.

எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு சிமெண்டு ஒட்டு. தாத்தாவின் குழித்தறி இருந்த கூடத்தில், நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கும் குழியைப் பின்னாளில் செங்கல் ஜல்லி போட்டு மூடிச் சிமெண்டு பூசிவிட்டார்கள். சுற்றிலும் காவி நிறத்தில் பளபளக்கும் பழைய தரை, நடுவே மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம். பூச்சு வேலை செய்த கொத்தனாரின் மணியாஸ்கட்டை தடம் அதன் ஒரு மூலையில் விசிறிபோல் பதிந்து நின்றுவிட்டது. அந்தத் தரையை நான் இருபது வருடங்கள் மிதித்து நடந்திருக்கிறேன். ஒருநாள் மாடிப்படியிலிருந்து குனிந்து பார்த்தபோதுதான் அது ஏற்கெனவே ஓர் அரூப ஓவியமாக இருப்பது தெரிந்தது.

இரண்டாம் படி: கதையை விட்டு, எண்ணைக் கேட்டல்

பெரியவர்களிடம் "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையே வரும். "குழி எத்தனை ஆழம்?", "ஒரு சேலைக்கு எத்தனை நாள்?", "ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டால் அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள், யோசிக்கும்போது தாங்களே மறந்திருந்ததைச் சொல்வார்கள். நான் அத்தையிடம் கரையின் அகலம் ஐந்து அங்குலமா என்று கேட்டேன். "அங்குலமாவது ஒண்ணாவது, அப்பா விரக்கடையிலதான்டா சொல்லுவாரு, எட்டு விரக்கடை" என்று சொல்லித் தம் கைவிரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

அந்தக் கை எனக்கு முக்கியமாகப் பட்டது. அத்தையின் சாணை அளந்தேன். ஏழரை அங்குலம் வந்தது. கடையில் கிடைக்கும் மூன்றடிக்கு நான்கடி திரைச்சீலையை விட்டுவிட்டு, ஆறு சாண் உயரம், ஐந்து சாண் அகலம் என்று கணக்கிட்டு, அதாவது 45 அங்குலத்துக்கு 37.5 அங்குலமாகச் சட்டம் அடிக்கச் சொன்னேன். பார்க்கிறவர் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. ஆனால் ஓவியத்துக்குள் வரும் ஒவ்வொரு பிரிவையும் அந்தச் சாணாலும் விரற்கடையாலும் பிரிக்கும்போது, பரப்பு முழுவதும் ஒரே உடம்பின் அளவுக்குக் கட்டுப்படுகிறது. உங்கள் குடும்பத்தில் படி, முழம், மரக்கால், கஜம் என்று எந்த அளவு புழங்கியதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பொருளை விதியாக்குதல்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக வண்ணத்தைத் தொடுகிறவர்கள்தான் இடையில் சிக்கிக்கொள்கிறார்கள், ஆகவே இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். சேலையையோ தறியையோ வரையப்போவதில்லை என்றால் அவற்றிலிருந்து எதை எடுப்பது? அவை உருவாகும் முறையை எடுக்கலாம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு ஒவ்வொன்றுமாக குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாக்கள் மூன்று. நெய்பவருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரை நாடாவை எறிந்து தருவார். உடலின் ஊடை இழையும், அதாவது குறுக்கு நூலும், கரையின் ஊடை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொண்டு திரும்பும். இன்னொரு செய்முறையும் உண்டு. ஒரு பாவு, அதாவது தறியில் நெடுக்காகக் கட்டிய நூல், நெய்து முடிந்து அடுத்த பாவைத் தறியில் ஏற்றும்போது, பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள்.

இவற்றிலிருந்து நான் மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மேலிருந்து கீழே ஓடும் கோடுகள் பாவு. அவற்றைத் தொடக்கத்தில் ஒருமுறை போட்டபின் மாற்றக் கூடாது. குறுக்கே ஓடுபவை ஊடை; அவை நாளுக்கு நாள் நிறம் மாறலாம். இரண்டு நிறப்பரப்புகள் எங்கே சந்தித்தாலும் ஒட்டுநாடா ஒட்டிப் பூசிய நேர்விளிம்பு கூடாது. ஒன்றின் விரல்கள் மற்றொன்றுக்குள் மாறி மாறி நுழைய வேண்டும். உங்களுக்கும் மூன்று விதிகள் போதும். ஐந்தாறு எழுதினால் ஓவியம் கணக்குப் பாடமாகிவிடும்; ஒன்றுமே இல்லையென்றால் கை தனக்குப் பழகிய அலங்காரத்துக்கே திரும்பும்.

எழுத்தைச் சேர்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம், எண்கள், கணக்குத்தாளின் ஒழுங்கு எல்லாம் வருகின்றன. எழுத்துப்போல் தோன்றும் வரிகளை வாசிக்க முயன்றால் வாசிக்க முடியாது. அதனால்தான் கண் அவற்றை நிறமாகவும் நெரிசலாகவும் பார்க்கிறது. மாறாக, பிரான்சில் நெடுங்காலம் வாழ்ந்த இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸா 1981இல் வரைந்த 'மா' என்ற ஓவியத்தில், தாயிடம் திரும்பி வரும்போது எதைக் கொண்டுவருவேன் என்று கேட்கும் இந்தி வரி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு வழியும் சரியே. வாசிக்கும்படி எழுதினால் ஒரே ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நிறத்தை நினைவிலிருந்து எடுக்காமல் இருத்தல்

பாட்டியின் சேலை 'நல்ல சிவப்பு' என்று உங்கள் நினைவு சொல்லும். பெட்டியைத் திறந்தால் அது அரக்காக இருக்கும். கிடைக்கும் துணித்துண்டையோ, தரையின் உதிர்ந்த சில்லையோ பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்து பாருங்கள். அரக்குக்கு நான் அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மிகச் சிறிதளவு அல்ட்ராமரைன் நீலமும் சேர்த்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய வகை அலிசரின், குழாயின் பின்புறம் 'பி.ஆர். 83' என்று குறித்திருப்பது, வெளிச்சத்தில் வெளுக்கும். 'பெர்மனன்ட்' என்று போட்டிருக்கும் மாற்று வகையையே வாங்குங்கள். மரபு என்பதற்காக மஞ்சள் பொடியைக் கரைத்துப் பூசும் ஆசையும் வரும். மஞ்சளின் நிறம் வெயிலில் வெகுவிரைவில் போய்விடும் என்பது, காயப்போட்ட தாலிக்கயிற்றைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

மயில்கழுத்து நிறத்தைக் குழாயில் வாங்க முடியாது. தறியில் அது பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக இருப்பதால், சேலையைச் சாய்க்கும்போது பச்சையும் நீலமும் மாறி மாறித் தெரியும். வண்ணத்தில் இதற்கு அருகில் போக வேண்டுமானால், முதலில் நீலத்தை மேலிருந்து கீழாகப் பூசி நன்றாக உலர விட்டு, பிறகு தூரிகையில் பச்சையைக் குறைவாகத் தொட்டு, துணியில் ஒற்றிக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில், இடமிருந்து வலமாக மட்டும் இழுக்க வேண்டும். திசை கலைந்தால் இரண்டும் சேர்ந்து அழுக்குப் பச்சையாகிவிடும்.

மாற்றத்தின் நிறத்தைப் பற்றித்தான் நான் அதிக நாள் குழம்பினேன். மரபுக்கு அரக்கும் மஞ்சளும், மாற்றத்துக்குச் செத்த சாம்பல் என்று பிரித்துக்கொள்வது எளிது, அது சோம்பேறித்தனமும்கூட. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும், தறி நிற்கும், நின்றால் கூலி இல்லை. குழியை மூடிய வருடம் வீட்டில் யாருக்கும் துக்கமில்லை என்றும், தாத்தாவின் முழங்கால் வலி குறைந்தது என்றும், கூடத்தில் முதன்முறையாகக் கட்டில் போட இடம் வந்தது என்றும் அத்தையே சொன்னார். ஆகவே கடையில் விற்கும் சாம்பல் நிறத்தையும் கறுப்பையும் ஒதுக்கிவிட்டு, நான் கலந்து வைத்திருந்த அரக்கோடு, மற்றொரு கரையின் கிளிப்பச்சையைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்தேன். எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கி, ஒரு கட்டத்தில் கதகதப்பான சாம்பல் வந்து நிற்கும். வெள்ளையைச் சேர்த்தால் அது சிமெண்டு நிறத்துக்கு வரும். பழைய சேலையின் இரண்டு நிறங்களிலிருந்தே பிறந்த சாம்பல் என்பதால் அது மற்ற பகுதிகளோடு சண்டை போடாமல் உட்கார்ந்தது.

ஐந்தாம் படி: தளம், பசை, ஒட்டுத்தாள்

அடுக்கடுக்காகப் பூசிச் சுரண்டும் இந்த முறைக்கு அக்ரிலிக் வசதியானது. நம் வெயிலில் மெல்லிய பூச்சு அரை மணி நேரத்துக்குள் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தின் ஆழம் வேண்டுமென்றால் கடைசி அடுக்குகளை அதில் செய்யலாம். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெயின்மேல் அக்ரிலிக் நிற்காது, உரிந்துவரும். திரைச்சீலையில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மெல்லியதாக இரண்டு முறை, முதல் முறை நெடுக்காகவும் அடுத்த முறை குறுக்காகவும் பூசி, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் 220ஆம் எண் உப்புத்தாளால் இலேசாகத் தேயுங்கள்.

பழைய தாள்களை ஒட்டுவதாக இருந்தால் மூலத்தை ஒட்டாதீர்கள். இதை நான் பட்டே கற்றேன். தாத்தாவின் கூலிப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து மேட் மீடியம் என்ற அக்ரிலிக் பசையைத் தடவி ஒட்டியபோது, பேனா மையில் எழுதியிருந்த தொகைகள் எல்லாம் கண்ணெதிரே கரைந்து ஊதாக் கறையாகப் பரவின. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நகலெடுத்து ஒட்டுங்கள், அதிலும் லேசர் நகலாக எடுங்கள். இங்க்ஜெட் அச்சும் ஈரம் பட்டால் கலங்கும். அமெரிக்க ஓவியர் மார்க் பிராட்ஃபோர்டு, தம் தாயின் முடிதிருத்தகத்தில் கூந்தலைச் சுருட்டப் பயன்படும் மெல்லிய தாள்களை வரிசை வரிசையாக ஒட்டித் தம் தொடக்ககால ஓவியங்களைச் செய்தார். அவை தூக்கியெறியும் மலிவான தாள்கள். அதனால் எத்தனை வீணானாலும் கவலை இல்லை. நாமும் ஆவணத்தை விட்டுவிட்டுத் தொழிலின் கழிவைத் தேடலாம்: அறுந்த இழை, சேலை வடிவத்துக்காகத் துளையிட்ட பழைய ஜக்கார்டு அட்டை, ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சியைச் சுற்றிவந்த காகிதம்.

ஆறாம் படி: அடுக்குகள்

முதல் அடுக்கு தரை. பரப்பு முழுவதும் காவி பூசி, உலர்ந்ததும் நீர்த்த அரக்கை அதன்மேல் ஓடவிட்டுத் துணியால் துடைத்தேன். தேய்ந்த இடமும் மெழுகேறிய இடமுமாகத் தரை வந்துவிட்டது.

இரண்டாவது பாவு. அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் உயிரற்றுப்போகும் என்பதால், கொத்தனார் நூல் அடிப்பதுபோல் செய்தேன். பருத்தி நூலை வண்ணத்தில் நனைத்து, மேல்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால், சிறு தெறிப்புகளோடு ஒரு நேர்கோடு விழும். ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒன்றாக அகலம் முழுவதும் அடித்தேன். உதவிக்கு இன்னொருவர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. என் தங்கை மறுமுனையைப் பிடித்தாள். கோர்வைக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று அவள்தான் நினைவுபடுத்தினாள்.

மூன்றாவது ஊடை. தாத்தா அந்தத் தறியில் நெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பட்டை என்று கீழிருந்து மேலே ஏறினேன். நல்ல வருடத்துக்கு அகலம், தறி நின்ற வருடத்துக்கு ஒரு நூலிழை. முப்பத்தொரு பட்டைகள். அப்பா வேறு வேலைக்குப் போன வருடத்தில் பட்டைகளை நிறுத்தாமல், மூன்று பட்டை அளவுக்குப் பழைய நிறமும் புதிய நிறமும் குறுங்கோடுகளாக ஒன்றையொன்று முறுக்கிச் செல்லும்படி வரைந்தேன். பாவு பிணைக்கும் வேலையைத்தான் மனதில் வைத்திருந்தேன். பொறுமையைச் சோதிக்கும் பகுதி இது. ஒரு மாலையில் கையகல இடம்கூட முடியாது.

நான்காவது சிமெண்டு. உண்மையான சிமெண்டைத் திரைச்சீலையில் பூசினால் துணி அசையும்போது விண்டுவிடும். மாடலிங் பேஸ்ட் என்ற கெட்டியான அக்ரிலிக் பசையில் முன்பு கலந்த சாம்பலைச் சேர்த்து, அகலமான கரண்டிக்கத்தியால், நடுவிலிருந்து சற்று இடப்புறமாக நீள்சதுரம் ஒன்றை இழுத்தேன். மூலையில் விசிறித் தடத்தையும் விட்டேன். உயரமாகத் துருத்திக்கொண்டிருக்கும் இந்த ஒட்டின்கீழே ஏழெட்டுப் பட்டைகள் மறைந்துபோயின. அவற்றை மறைக்க மனம் வரவில்லை என்பதும், இரண்டு நாள் கத்தியைத் தொடாமல் இருந்தேன் என்பதும் உண்மை.

ஐந்தாவது, எடுப்பது. ஒருநாள் முழுக்க உலர்ந்தபின், சிமெண்டுப் பகுதியின் ஓரங்களை மட்டும் நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்தால், அடியிலிருந்து அரக்கும் பாவுக்கோடும் பல்பல்லாக எட்டிப் பார்க்கும். நடுப்பகுதியைத் தேய்க்காதீர்கள். எல்லாவற்றையும் வெளிக்காட்டினால் மூடியது என்ற உண்மையே இல்லாமல் போய்விடும்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

தலைகீழாக வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கனத்தால் உடனே தெரியும். கைப்பேசியில் கறுப்புவெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறத்தில் வேறுபட்டும் வெளிச்சத்தில் ஒன்றாகவும் இருக்கும் பகுதிகள் ஒரே சேறாகத் தெரியும், அங்கே ஒன்றை வெளுக்கவோ இருட்டவோ செய்ய வேண்டும். பிறகு ஒரு வாரம் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

குடும்பத்தாரிடம் காட்டும்போது "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கேட்டவுடன் எல்லாரும் பரீட்சை எழுதும் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். பேசாமல் நின்று, அவர்கள் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். அத்தை வந்து சிறிது நேரம் பார்த்தார். சாம்பல் ஒட்டின் விளிம்பில் பல்பல்லாகத் தெரிந்த அரக்கை விரலால் தடவினார். பின், "ஜன்னல எங்கடா விட்ட? வெளிச்சம் சோத்துக்கைப் பக்கத்திலேர்ந்துல்ல வரும்" என்றார். என் விதிகளில் ஜன்னல் இல்லை. அன்றிரவே வலது ஓரத்தில், மூன்று விரற்கடை அகலத்துக்கு, வெள்ளையை மிகவும் நீர்க்கக் கரைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன். ஓவியத்தில் நான் திட்டமிடாமல் வந்த பகுதி அது ஒன்றுதான். அதுவரை தட்டையாக இருந்த பரப்பு அதற்குப் பின்புதான் கூடமாகத் தோன்றியது.

எட்டாம் படி: முடித்துக் கட்டுதல்

அக்ரிலிக் என்றால் சில நாட்கள், தடித்த பூச்சு இருந்தால் இரண்டு வாரங்கள் உலரவிட்டு வார்னிஷ் பூசலாம். எண்ணெய் வண்ணம் சேர்ந்திருந்தால் ஆறு மாதம் காத்திருப்பது நல்லது. பளபளப்பான வார்னிஷும் மங்கலான வார்னிஷும் ஒரே ஓவியத்தில் பூசுவதை ஆசிரியர்கள் பலர் ஒப்புவதில்லை. நான் மெழுகேறிய தரைக்குப் பளபளப்பானதையும் சிமெண்டுக்கு மங்கலானதையும் பூசினேன், ஏனெனில் அந்தக் கூடத்தில் வெயில் விழும்போது வேறுபட்டது அதுதான்.

பெயர் வைக்கும்போது 'வேர்கள்', 'காலத்தின் சுவடுகள்' போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்; அவை எந்த ஓவியத்துக்கும் பொருந்தும். நான் 'மூடிய குழி' என்று வைத்தேன். நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பின்புறத்தில் பென்சிலால் ஆண்டு, பயன்படுத்திய நிறங்கள், விதிகள், அளவு ஆகியவற்றை எழுதிவையுங்கள். என்னுடையதின் பின்னால் "ஆறு சாணுக்கு ஐந்து சாண், சாண் அத்தையுடையது" என்று எழுதி, பக்கத்தில் அவர் கையை வைத்துக் கோடிழுத்திருக்கிறேன்.